கட்டி இல்லாத நீர்க்கட்டி

சுன்னாகம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 17 வயது. 13 வயதில் பெரியபிள்ளையானாள். இந்த ஒரு வருடத்தில் ஐந்து தடவைதான் மாதவிடாய் வந்திருக்கிறது. நாடியிலும் மேலுதட்டிலும் மயிர் வளர்கிறது, முகம் நிறையப் பரு. தனியார் நிலையமொன்றில் ஸ்கான் செய்தோம். இரண்டு சூலகத்திலும் நீர்க்கட்டி என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்து எடுக்கலாமா? கலியாணம் கட்டினால் தானாகச் சரியாகிவிடும் என்று மாமி சொல்கிறார். பின்னுக்குப் பிள்ளை பிறக்குமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பிறக்கும். இந்தக் குறைபாடு உள்ள பெண்களில் கூடுதலானோர் தாயாகிறார்கள். சிலர் எந்த மருந்தும் இல்லாமல், சிலர் சில மாதம் குளிசை குடித்து. இதை முதலில் சொல்லாவிட்டால் தாய்மாரின் காதில் மற்றது ஒன்றும் ஏறாது. வலிகாமத்துக் கிளினிக்குகளில் வைத்தியராக இருந்த 25 வருடத்தில் நான் படித்த முதல் பாடம் அது.

ஆனால் நான் தேடிய ஒரு கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை. பிள்ளையின் இரத்தத்தில் சீனி எவ்வளவு? ஸ்கானுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். சீனி பார்த்ததாக எழுதவில்லை. வீட்டில் யாருக்கு நீரிழிவு என்றும் எழுதவில்லை. பிள்ளை பிறக்குமா என்ற கேள்வி ஒரு பெண்ணின் வாழ்வில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு உரியது. சீனியின் கதை அவளுடைய எழுபது வயதுவரை கூடவே வரும். ஆகவே இந்தப் பதிலில் பாதிக்கு மேல் நீங்கள் கேட்காததைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல். நீர்க்கட்டி என்றதும் வயிற்றுக்குள் ஏதோ வளர்ந்து கிடக்கிறது, வெட்டி எடுத்தால் சுகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அவை கட்டிகள் இல்லை. பெண்ணின் சூலகத்தில் பிறக்கும்போதே முட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பைக்குள். மாதந்தோறும் சில பைகள் வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கிவிடும். பிசிஓஎஸ், அதாவது பல்பைச் சூலகக் குறைபாடு, என்று சொல்லப்படும் இதில் எந்தப் பையும் முந்துவதில்லை. எல்லாம் 2 முதல் 9 மில்லிமீற்றர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. நாற்றுமேடையில் நெருங்கி முளைத்து, பிடுங்கி நடுவார் இல்லாமல் நின்றுபோன கத்தரிக் கன்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கான் திரையில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது அந்தக் கன்றுகள்தான். அவற்றைப் பிடுங்கி எறிந்தால் தோட்டம் விளையாது. ஏன் வளரவில்லை என்று மண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

சத்திரசிகிச்சை என்ற எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. 1935 இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரண்டு வைத்தியர்கள், மாதவிடாய் நின்று சூலகம் பருத்திருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சூலகத்தில் ஆப்புப்போல் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது. பல பத்தாண்டுகளுக்கு அதுவே வைத்தியமாக இருந்தது. வெட்டிய இடத்தில் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொண்டு பிள்ளைப்பேற்றுக்கே தடையாவதைக் கண்ட பிறகு, குளிசைகளும் வந்துவிட்ட பிறகு, அது கைவிடப்பட்டது. இன்றும் லப்பரஸ்கோப் என்ற, வயிற்றில் சிறு துளை வழியே விடும் கமராக் குழாய் மூலம் சூலகத்தில் சிறு துளைகள் இடுவது உண்டு. அது குளிசைக்கு மசியாமல், பிள்ளைக்காகக் காத்திருக்கும் சிலருக்கு மட்டும். 17 வயதுப் பிள்ளைக்கு அதில் வேலை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் "நீர்க்கட்டி" என்ற ஒரே சொல்தான். உண்மையான சூலகக் கட்டிகளும் இருக்கின்றன: பழைய இரத்தம் தேங்கிய கட்டி, மயிரும் கொழுப்பும் நிறைந்த கட்டி, சில வேளை புற்றுநோய். அவை பெரும்பாலும் தனியாக, பெரிதாக இருக்கும், நோவு தரலாம், முறுகினால் அவசர சத்திரசிகிச்சை வேண்டும். பிசிஓஎஸ் பொதுவாக நோவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு "நீர்க்கட்டி" எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டால், அது உங்கள் மகளின் நீர்க்கட்டியாக இருக்க வேண்டியதில்லை.

இனி அந்த அறிக்கை. வளர்ந்த பெண்களுக்கு 2003 முதல் ரொட்டர்டாம் அளவுகோல் என்ற ஒன்று பயன்பட்டு வருகிறது. முட்டை ஒழுங்காக வெளிவராமை, ஆண் ஓமோன் மிகுந்ததற்கான அடையாளம், ஸ்கானில் நிறையச் சிறு பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிசிஓஎஸ் என்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கானைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்கிறது 2023 இல் வெளியான சர்வதேச வழிகாட்டி. காரணம் எளிது. இளம் வயதில் சுகமாக இருக்கும் பிள்ளைகளின் சூலகமும் திரையில் அப்படித்தான் தெரியும். வருத்தம் ஒன்றுமில்லாத எத்தனையோ பிள்ளைகள் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகள் பெரியபிள்ளையாகி நான்கு வருடம். முதல் வருடம் மாதவிடாய் தாறுமாறாக வருவது இயல்பு. மூன்று வருடம் கடந்த பின், 35 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ வருடத்தில் எட்டுத் தடவைக்குக் குறைந்தாலோ அது ஒழுங்கின்மை. ஐந்து தடவை என்று எழுதியிருக்கிறீர்கள்; நாடியில் மயிர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிகளுமே போதும். அறிக்கையைப் பார்க்காமலே பிசிஓஎஸ் ஆக இருக்கலாம் என்று சந்தேகித்திருப்பேன். உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை வேண்டும்: தைரொய்ட், பால் சுரக்கவைக்கும் ஓமோனான புரோலக்டின், ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டரோன், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பியில் பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்று காட்டும் ஒன்று. கூடவே கர்ப்பம் இல்லை என்று காட்டும் சிறுநீர்ப் பரிசோதனை. இதை எழுதும்போது தாய்மாரின் முகம் சிவப்பதை நான் அறிவேன். அதைப் பிள்ளையின் நடத்தை மீதான சந்தேகமாக எடுக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும், கன்னியாஸ்திரியாக இருந்தாலும், அது முதலாவதாக எழுதப்படும் பரிசோதனை.

சில மாதத்துக்குள் திடீரென்று மயிர் வளர்ந்து, குரல் தடித்து, தலைமுடி கொட்டினால் அது வேறு கதை. ஆண் ஓமோன் சுரக்கும் கட்டி இருக்கக்கூடும். அப்படியானால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

மண்ணைப் பார்க்கவேண்டும் என்றேன். அந்த மண் இன்சுலின். நாங்கள் சாப்பிட்டதும் சதையி இன்சுலினைச் சுரக்கிறது. அது கதவைத் திறந்துவிட, சீனி தசைகளுக்குள் போகிறது. சிலருடைய தசைகள் அந்தத் தட்டலுக்குச் செவிடு. கதவு திறக்கவில்லை என்றதும் சதையி இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. தசை செவிடாக இருந்தாலும் சூலகம் செவிடில்லை. மிதமிஞ்சிய இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோனைச் சுரக்கவைக்கிறது. ஆண் ஓமோனைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும் ஒரு புரதத்தை ஈரல் செய்கிறது. இன்சுலின் அதையும் குறைத்துவிடுகிறது. மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி சூலகத்துக்கு அனுப்பும் தூதும் தாளம் தப்புகிறது. எல்லாமாகச் சேர்ந்து பைகள் வளராமல் நிற்கின்றன, முட்டை வெளிவருவதில்லை, மாதவிடாய் தள்ளுகிறது, நாடியில் மயிர் முளைக்கிறது. அடையாளங்கள் பல, வேர்கள் ஒன்றோடொன்று பின்னியவை. பரம்பரையும் இதில் உண்டு. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல்.

கொக்குவிலில் இருந்து வந்த ஒரு பிள்ளையின் கழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பின்கழுத்தில் சாம்பல் பூசியதுபோல் தடித்த கறுப்பு. தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல இருந்தது. தாய் ஒவ்வொரு ஞாயிறும் கடலைமாவும் தேசிக்காயும் போட்டு, பீர்க்கம் நாரால் தேய்த்திருக்கிறார். தோல் உரிந்து சிவந்திருந்தது. "ஒழுங்காகக் குளிக்கிறாள் இல்லை டொக்டர்" என்றார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அது ஊத்தை இல்லை. இரத்தத்தில் இன்சுலின் பெருகி நிற்பதைத் தோல் எழுதிக் காட்டும் எழுத்து. கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் அப்படி வரும். அன்று அந்தப் பிள்ளையிடம் இரண்டு ஸ்கான் அறிக்கைகள் இருந்தன. சீனிப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. உங்கள் மகளின் தலைமுடியைத் தூக்கி ஒருமுறை பின்கழுத்தைப் பாருங்கள்.

தென்னாசியப் பெண்களுக்கு இது கூடுதல் சிக்கல். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன பிரித்தானிய வைத்தியர்களோடு சேர்ந்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள தென்னாசியப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களை விட இளம் வயதிலேயே அறிகுறிகள் கடுமையாக வருவதும், இன்சுலின் செவிடு கூடுதலாக இருப்பதும் தெரிந்தன. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுப் பெண்களிடம் நடத்தி 2008 இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இது இருந்தது. உலக அளவில் பத்து முதல் பதின்மூன்று வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்றும் சொல்கிறது. ஒரு வகுப்பில் முப்பது பெண்பிள்ளைகள் என்றால் இரண்டு மூன்று பேர். மறைத்து வைக்க இது என்ன அபூர்வ வருத்தமா?

சீனி பார்க்கும்போது வெறும்வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். இளம் பெண்களுக்கு அது பல வேளை சரியாகவே இருக்கும். 75 கிராம் குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்ப்பதே நம்பகமான பரிசோதனை. 140 க்குக் கீழ் என்றால் நல்லது. 140 முதல் 199 வரை என்றால் நீரிழிவின் வாசற்படி. 200 ஐத் தொட்டால் நீரிழிவு. ஒருமுறை பார்த்ததோடு முடிவதில்லை. ஆளைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கவேண்டும். இரத்த அழுத்தமும் கொழுப்பும் கூட. இடுப்பளவு எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. தையல் நாடா எந்த வீட்டிலும் இருக்கிறது. ஸ்கான் எடுக்கும் செலவில் இருபது நாடா வாங்கலாம். மெலிந்த பிள்ளைகளுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களுக்கும் சீனி பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் இருதய நோய், ஈரலில் கொழுப்பு, குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் நித்திரைக் கோளாறு ஆகியவையும் இந்தப் பெண்களுக்குக் கூடுதல்.

அடுத்தது கருப்பை. மாதவிடாய் வராதது வசதிதானே, சோதனைக் காலத்தில் கரைச்சல் இல்லை என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. முட்டை வெளிவந்தால்தான் புரொஜெஸ்டரோன் என்ற பெண் ஓமோன் சுரக்கும். அது சுரந்து குறையும்போதுதான் கருப்பையின் உட்படலம் முழுதாக உரிந்து வெளியேறும். முட்டை வராவிட்டால் உட்படலம் மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். ஒருநாள் அணை உடைந்ததுபோல் இரத்தம் போகும். வருடக்கணக்கில் கவனியாமல் விட்டால், உட்படலக் கலங்கள் மாறிப் புற்றுநோயாகும் அபாயம் மற்றப் பெண்களை விடப் பல மடங்கு. இளம் வயதில் அந்தப் புற்றுநோய் அரிது என்பதால் பயப்பட வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் வைத்தியரிடம் போங்கள். சில நாள் புரொஜெஸ்டரோன் குளிசை கொடுத்து வரவைப்பார்கள், அல்லது ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் என்ற பெண் ஓமோன் இரண்டும் சேர்ந்த குளிசையை மாதாமாதம் தருவார்கள்.

அந்த இரண்டாவது குளிசையில்தான் சண்டை தொடங்கும். அது கருத்தடைக் குளிசை. என் கிளினிக்குக்கு வந்த 19 வயதுப் பிள்ளை ஒருத்திக்கு நான் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் பெட்டியில் இருந்த தாளைத் தமையன் வாசித்திருக்கிறான். "கலியாணம் கட்டாத பிள்ளைக்கு இதையா கொடுப்பது" என்று தாய் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து, இருபது நாளாக நிற்காத இரத்தப்போக்கோடு முச்சக்கரவண்டியில் கொண்டுவந்தார்கள். உதடு கடதாசிபோல் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6. இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினோம். பிழை என்னுடையதும்தான். குளிசையை எழுதும்போது மூன்று வசனம் கூடுதலாகக் கதைத்திருந்தால் அது அடுப்புக்குப் போயிருக்காது.

அந்த வசனங்களை இப்போது எழுதிவிடுகிறேன். இந்தக் குளிசை மலடாக்காது. நிறுத்தியதும் சூலகம் தன் பழைய நிலைக்குத் திரும்பும். உட்படலத்தைக் காக்கும், ஆண் ஓமோனை அடக்கும், பருவையும் மயிரையும் குறைக்கும். எல்லோருக்கும் பொருந்தாது: கண்ணில் மின்னல்போல் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, இரத்தக் கட்டு வந்த வரலாறு, உயர் இரத்த அழுத்தம் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். வருத்தத்தை வேரோடு பிடுங்கும் மருந்து என்றும் நினைக்க வேண்டாம். கண்ணாடி போட்டால் பார்வை தெரிவதுபோல, குடிக்கும்வரை வேலை செய்யும். மெட்போமின் இன்னொரு குளிசை. நீரிழிவுக்குக் கொடுப்பது, இன்சுலினுக்குத் தசையின் செவியைத் திறக்க உதவும். முதல் வாரங்களில் வயிற்றைக் குழப்பும் என்பதால் சாப்பாட்டோடு, சிறிய அளவில் தொடங்குவார்கள்.

மயிரைப் பற்றி ஆண்கள் எவரும் என்னிடம் கேட்டதில்லை. பெண்பிள்ளைகளோ அதைத்தான் கடைசியில், கதவருகே போனபின், திரும்பி வந்து கேட்பார்கள். கைக்குட்டையால் நாடியை மூடிக்கொண்டே கதைத்த பிள்ளையை எனக்குத் தெரியும்; வகுப்பில் முன்வாங்கில் இருக்கமாட்டாள், படம் எடுத்தால் முகத்தைத் திருப்புவாள். மழித்தால் தடித்து வளரும் என்பது கட்டுக்கதை. நூலால் எடுப்பதோ மழிப்பதோ பிள்ளைக்கு எது வசதியோ அதைச் செய்யட்டும். வசதியிருந்தால் லேசர் நீண்ட பலன் தரும். குளிசையின் பலன் மயிரில் தெரிய ஆறு மாதமாவது வேண்டும். இரண்டாம் மாதத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று நிறுத்துவோர்தான் கூடுதல். இந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களை விடக் கூடுதலாக வருவது ஆய்வுகளில் நிறுவப்பட்டது. நித்திரை, சாப்பாடு, படிப்பு மாறினால் உயர்தரப் பரீட்சைப் பயம் என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். விருந்துக்கு வரும் சொந்தக்காரர் எவரும் அவளுடைய உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் பார்த்துக்கொள்வது, என் கணக்கில், பாதி மருந்து.

சாப்பாட்டுக்கு வருவோம். பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி உணவுமுறை எதுவும் மற்றதை விட மேலானது என்று நிறுவப்படவில்லை. பாலை விடு, கோதுமையை விடு என்று கைத்தொலைபேசியில் வரும் கட்டளைகளை மறந்துவிடுங்கள். எங்கள் சாப்பாட்டில் பிழை கோப்பையின் பங்கீட்டில் இருக்கிறது. வெள்ளைமாப் புட்டோ பாணோ கோப்பையை நிரப்ப, கறி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்புங்கள். அரைக் கோப்பைக்கு மரக்கறியும் கீரையும், முருங்கை இலை வறையும் வல்லாரைச் சம்பலும் என்று. கால்வாசிக்கு மீன், முட்டை, பயறு, கடலை. மிச்சக் கால்வாசிக்குச் சிவப்பரிசிச் சோறோ குரக்கன் புட்டோ. பனங்கட்டி ஊரில் விளைவது என்பதால் சீனி இல்லை என்று ஆகாது. உடம்புக்குள் போனால் அதுவும் சீனிதான். ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் கடையில் வாங்கும் பணிஸும் சோடாவும்தான் இந்த வயதின் உண்மையான எதிரி. பெரியபிள்ளையானபோது கொடுத்த உழுத்தங்களியையும் நல்லெண்ணெயையும் இப்போது மாதவிடாய் வரட்டும் என்று நாள்தோறும் கொடுக்கும் வீடுகள் உண்டு. உழுந்து நல்ல தானியம். அந்தக் களியில் சேரும் கருப்பட்டியும் எண்ணெயும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாதவை.

உடற்பயிற்சி என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய அம்மம்மா கப்பியில் தண்ணீர் அள்ளினார், தாய் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார். இவர்களுக்கு மோட்டரும் ஸ்கூட்டியும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியில் நடக்கும் கால்கள் 26 ஆம் நாள் ஸ்கூட்டியில் ஏறிவிடுகின்றன. 17 வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் உடம்பு அசையவேண்டும். வளர்ந்த பெண்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம். பொழுதுபட்டபின் தெருவில் நடக்கவிட முடியாது என்பீர்கள், நியாயம். முற்றத்தில் கயிறு அடிக்கலாம், ரியூசனுக்குச் சைக்கிளில் போகலாம், வாளியால் தண்ணீர் அள்ளிக் கன்றுகளுக்கு ஊற்றலாம். தசை வேலை செய்தால், நிறை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும், இன்சுலின் பேச்சைத் தசை கேட்கத் தொடங்கும். நிறை கூடியவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகிறது: 70 கிலோ என்றால் மூன்றரை முதல் ஏழு கிலோ. பட்டினி கிடந்து குறைக்க வேண்டாம்.

கனடாவிலிருந்து சித்தி அனுப்பும் போத்தலைப் பற்றியும் கேட்பீர்கள். இனோசிட்டோல் என்று எழுதியிருக்கும்; பிசிஓஎஸ்ஸுக்கு நல்லது என்று விற்கும் ஊட்டச்சத்து அது. பெரிய தீங்கு இல்லை. மாதவிடாயிலோ மயிரிலோ பெரிய பலன் தரும் என்பதற்கு ஆதாரமும் குறைவு. விரும்பினால் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தக்கூடாது.

மாமி சொன்ன கலியாண வைத்தியத்துக்கு ஒரே வரி: தாலி சூலகத்துக்குத் தெரியாது. கலியாணத்தோடு சரியானதுபோல் தோன்றுவோரில் சிலருக்கு வயதோடு இயல்பாகவே மாதவிடாய் ஒழுங்காகியிருக்கும். பிற்காலத்தில் பிள்ளை வேண்டும்போது முட்டை வெளிவராவிட்டால் லெட்ரசோல் குளிசையை முதலில் கொடுப்பார்கள். மார்புப் புற்றுநோய்க்குப் பயன்படும் மருந்து அது. பெட்டித்தாளை வாசித்துப் பயந்து அழைத்தவர்கள் பலர். மாதத்தில் ஐந்து நாள் மட்டும் குடிப்பது அது. 750 பெண்களிடம் நடத்தி 2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பழைய குளோமிபீன் குளிசை குடித்தவர்களில் நூற்றுக்கு 19.1 பேரும் லெட்ரசோல் குடித்தவர்களில் 27.5 பேரும் பிள்ளை பெற்றார்கள். அதுவும் ஐந்து சுற்றுக்குள். அதற்கு மேலும் வழிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் வருங்கால மருமகனின் வீட்டாருக்குச் சொல்லிவைக்கலாம்: பிள்ளை தங்கவில்லை என்றால் பெண்ணுக்கு முதற் குளிசை கொடுக்கும் முன் ஆணின் விந்தைப் பரிசோதிக்கவேண்டும். எத்தனை பெண்கள் "நீர்க்கட்டிக்காரி" என்ற பட்டத்தோடு மூன்று நான்கு வருடம் மருந்து குடித்தபின், குறை மறுபக்கத்தில் என்று தெரிந்திருக்கிறது!

கர்ப்பம் தங்கியதும் இந்தப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவும் இரத்த அழுத்தமும் வர வாய்ப்புக் கூடுதல். ஆகவே முதற் பதிவிலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் பிசிஓஎஸ் என்று சொல்லிவிடவேண்டும். தொடக்கத்தில் ஒருமுறையும் 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் ஒருமுறையும் குளுக்கோஸ் குடித்துச் சீனி பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். சுன்னாகத்திலிருந்து தெல்லிப்பழை கூப்பிடு தூரம். போகும்போது நீங்களும் உங்கள் சீனியைப் பார்த்துவிடுங்கள், தங்கச்சி. உங்களுக்கும் இளம் வயதில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்ததா என்று வைத்தியர் கேட்பார். மகளின் முன்னால் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இன்னொரு ஸ்கான் எடுக்கவேண்டாம். இருக்கும் அறிக்கையைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அந்த ஐந்து மாதவிடாயும் வந்த திகதிகளை, ஒவ்வொன்றும் எத்தனை நாள் போனது என்பதோடு, ஒரு கொப்பியில் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லிக் கொண்டுபோங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம் என்று பலர் சொல்வார்கள். அது நாளுக்கொரு தாள் கிழிக்கிற நாட்காட்டி, குறித்த தாள் போன மாதமே அடுப்புக்குப் போயிருக்கும்.